ஏழையின் பிணிக்குக் காரணம் கண்ட மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் வெளிவரும் இம்மலரில், ஒரு மருத்துவ அறிஞரின் வாழ்க்கையை எழுத முற்பட்டுள்ளோம். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். ஆயினும், ஏழை எளியோரைப் பற்றிய ஒரு கொடிய நோய்க்கு அவர்களுடைய பிறப்பும் இரத்தமும் அழுக்குமே காரணம் என்று கற்றோரும் கூறிவந்த காலத்தில், அக்கூற்றைச் சோதனைகளால் தகர்த்தவர் அவர். அம்மக்களின் உணவில் ஒரு சத்து குறைகிறது என்றும், அக்குறைக்கு அவர்கள் பெறும் கூலியே காரணம் என்றும் அவர் நிறுவினார். பிறப்பைக் காட்டித் தாழ்த்தப்பட்ட மக்களாகிய நாம் அறிந்து போற்ற வேண்டிய வாழ்க்கை அது. உணவிலுள்ள சத்துகளின் வேதியியலை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளவும் அவ்வாழ்க்கை நல்லதொரு வாயில் என்பதால், அதனையும் இடையிடையே விளக்குவோம்.

இளமையும் கல்வியும்

அன்றைய ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசில் அடங்கியதும் இன்று சுலோவாக்கியா நாட்டில் உள்ளதுமான கிரால்ட் என்னும் சிற்றூரில், 1874ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள், ஒரு யூதக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக ஜோசப் கோல்ட்பெர்கர் பிறந்தார். ஆடு வளர்த்துப் பிழைத்த அக்குடும்பம், கொள்ளை நோயில் மந்தை அழிந்தபின் 1880களின் தொடக்கத்தில் கப்பலேறி அமெரிக்காவை அடைந்தது. நியூயார்க் நகரில் வந்தேறிய ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதியில் அவர்கள் சிறியதொரு மளிகைக் கடை வைத்தனர். வாடிக்கையாளர் வீடுகளுக்குச் சரக்குகளைச் சுமந்து செல்வது சிறுவன் ஜோசப்பின் வேலை. கடைவேலை முடிந்தால் கையில் புத்தகம்.

அந்நாளில் நியூயார்க் நகரக் கல்லூரி, தகுதியுள்ள மாணவர்க்குக் கட்டணமின்றிக் கல்வி அளித்து வந்தது. அவ்வாய்ப்பால் 1890இல் கோல்ட்பெர்கர் அங்கே பொறியியல் பயிலச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து நண்பர் ஒருவருடன் பெல்வியூ மருத்துவக் கல்லூரியில் ஒரு சொற்பொழிவைக் கேட்கச் சென்றவர், மனித உடல் என்னும் பொறியே தாம் பயிலத் தக்கது எனத் தெளிந்தார். 1895இல் சிறப்புத் தகுதியுடன் மருத்துவப் பட்டம் பெற்றார். பென்சில்வேனியா மாநிலத்தில் சிறிது காலம் தனித்தொழில் செய்தபின், 1899இல் அரசின் மருத்துவப் பணித்துறையில் சேர்ந்தார். பின்னாளில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை எனப் பெயர் பெற்றது அதுவே. கப்பலில் வந்திறங்கும் குடியேறிகளைச் சோதிப்பது அங்கே அவருக்குக் கிடைத்த முதற் பணிகளுள் ஒன்று. தாமும் ஒரு நாள் அவ்வரிசையில் நின்று வந்தவர் அல்லரோ!

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தொற்றுநோய் ஆய்வாளராக அவர் புகழ்பெற்றார். மஞ்சள் காய்ச்சல், டெங்குக் காய்ச்சல், டைபஸ் காய்ச்சல் ஆகிய மூன்றும், அவற்றை ஆராயச் சென்ற இடங்களில் அவரையே பற்றின. மூன்றிலிருந்தும் உயிர்தப்பி அவர் பணியைத் தொடர்ந்தார்.

1906இல் அவர் மேரி பேரர் என்னும் நங்கையை மணந்தார். மணமகள் கிறித்தவர். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் தலைவராய் இருந்த ஜெபர்சன் டேவிசின் உறவுக் குடும்பத்தில் பிறந்தவர். இரு வீட்டாரும் தயங்கிய அம்மணம், இருவருடைய உறுதியால் நிறைவேறியது. கணவரின் ஆய்வுக்காகத் தம் உடலையே அளிக்க அவ்வம்மையார் முன்வந்த செய்தியைப் பின்னர்க் காண்போம்.

பெல்லாக்ரா எனும் பெரும்பிணி

இளவேனிலில் முதலில் கைகளிலும் கழுத்திலும் முகத்திலும், வெயில் படும் இடமெல்லாம் தோல் சிவக்கும். பின்னர்க் கறுத்து வெடித்து உரியும். நாக்கும் வாயும் புண்ணாகும். தீராத வயிற்றுப்போக்கு உண்டாகும். அதன்பின் சித்தம் கலங்கும். இறுதியில் பலர்க்குச் சாவே முடிவாகும். இதுவே பெல்லாக்ரா. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் காசல் 1735இல் இதனை ஏழை உழவர்களிடம் கண்டு எழுதினார். கரடுமுரடான தோல் எனப் பொருள்படும் பெல்லாக்ரா என்னும் இத்தாலியப் பெயர் 1771இல் நூலில் இடம்பெற்றது. இரு நாடுகளிலும் இது மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்த உழவரின் நோயாகவே இருந்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நோய் பெருகியது. அலபாமா மாநிலத்தில் கறுப்பின மனநோயாளர்க்கான மருத்துவமனையில் 1906இல் 88 பேரை இது பற்றியது; அவர்களுள் 57 பேர் மாண்டனர். 1906 முதல் 1940 வரை அமெரிக்காவில் சுமார் 30 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் மடிந்தனர் என்றும் கணக்கிடப்பட்டுள்ளது.

பருத்தி விளையும் நாடு அது. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தபோதும், நிலம் பழைய ஆண்டைகளிடமே தங்கிற்று. விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் நிலமற்ற ஏழை வெள்ளையரும் விளைச்சலில் பங்கு பேசி வாரத்திற்கு உழுதனர். விதையும் உணவும் நிலக்கிழாரின் கடையில் கடன். அறுவடைக்குப்பின் கணக்குப் பார்த்தால் கடனே மிஞ்சும். பணம் தரும் பயிர் பருத்தி என்பதால் வீட்டு வாசல்வரை பருத்தியே விதைக்கப்பட்டது. கறிகாய்க்கும் கறவைக்கும் இடம் இல்லை. மக்காச்சோள மாவும், கரும்புப் பாகும், பன்றியின் முதுகுக் கொழுப்புமே ஆண்டின் பெரும்பகுதிக்கு அவர்களுடைய உணவு. நம் பண்ணையாட்களின் பழங்கதையை அறிந்தோர்க்கு இந்நிலை விளங்காமற் போகாது.

இந்நோயின் காரணம் யாது என்பதில் அன்று இரு கொள்கைகள் ஓங்கியிருந்தன. இது தொற்றுநோய், அழுக்கால் பரவுவது என்றனர் ஒரு சாரார். தென் கரோலினாவில் ஆராய்ந்த ஓர் ஆய்வுக் குழுவும் தொற்றே என்னும் முடிவின் பக்கம் சாய்ந்தது. மரபியல் அறிஞராக மதிக்கப்பட்ட சார்லஸ் டேவன்போர்ட் என்பவரோ, சில குடும்பங்களின் பிறவிக் குறையே நோய்க்கு இடம் தருகிறது என்று 1916இல் எழுதினார். நோயாளிகளைக் கண்டு மக்கள் ஒதுங்கினர். சில மருத்துவமனைகள் அவர்களை ஏற்க மறுத்தன. இவ்வாறு, பிணியோடு தீண்டாமையும் அவர்களைச் சேர்ந்தது.

பணியாளரைத் தீண்டாத நோய்

1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெல்லாக்ரா ஆய்வின் பொறுப்பு கோல்ட்பெர்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொற்றுநோய் வல்லுநர் என்பதற்காகவே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். எனினும் அவர் நுண்ணோக்கியை எடுக்குமுன் தம் கண்களைப் பயன்படுத்தினார். தென் மாநிலங்களின் மனநோய் மருத்துவமனைகளுக்கும் அனாதை இல்லங்களுக்கும் சென்று பார்த்தார். நோயாளிகள் பலர்க்கு அங்கே பெல்லாக்ரா இருந்தது. அவர்களோடு இரவும் பகலும் பழகிய செவிலியர்க்கும் காவலர்க்கும் அது வரவேயில்லை. தொற்றுநோயாயின் அது ஆள் பார்த்தா தொற்றும்?

பின்னர் அவர் சமையற்கூடங்களுக்குள் நுழைந்தார். பட்டியலில் எல்லார்க்கும் உணவு ஒன்றே. பந்தியில் அவ்வாறு இல்லை. பாலும் இறைச்சியும் முட்டையும் பணியாளர் தட்டுக்குச் சென்றன. மக்காச்சோளக் களியும் பாகும் எஞ்சியோர்க்கு வந்தன. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகர அனாதை இல்லங்களில் இதனினும் நுட்பமான ஓர் உண்மை கிடைத்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நோய் அரிது. அவர்களுக்குப் பால் வழங்கப்பட்டது. பன்னிரண்டு வயதைக் கடந்தவர்களிடமும் அரிது; வேலை செய்பவர்கள் என்பதால் அவர்களுக்கு இறைச்சி கிடைத்தது. இடைப்பட்ட வயதினர்க்கு இரண்டும் இல்லை. நோய் அவர்களிடமே குடிகொண்டிருந்தது.

அவ்வாண்டின் இறுதிப் பகுதியில், அரசின் செலவில் அவ்வில்லங்களின் உணவைக் கோல்ட்பெர்கர் மாற்றினார். பாலும் முட்டையும் இறைச்சியும் பயறு வகைகளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டன. கழிப்பிடத்தையோ கிணற்றையோ படுக்கையையோ அவர் மாற்றவில்லை. அடுத்த ஆண்டு இளவேனில் வந்தது, நோய் வரவில்லை.

சிறையில் ஒரு சோதனை

உணவு நோயை நீக்கியது சரி. உணவுக் குறையே நோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று எங்கே எனப் பகைவர் வினவினர். 1915இல் மிசிசிப்பி மாநிலத்தின் ரேங்கின் சிறைப் பண்ணையில் அதற்கு விடை தேடப்பட்டது. மன்னிப்பும் விடுதலையும் அளிப்பதாக ஆளுநர் எழுத்து மூலம் உறுதி கூற, நல்ல உடல்நலமுள்ள வெள்ளையினக் கைதிகள் 12 பேர் முன்வந்தனர். மக்காச்சோளப் பண்டங்கள், வெள்ளை மாவு ரொட்டி, அரிசி, பாகு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிறிது கீரை ஆகியவையே அவர்களுக்கு உணவு. அளவில் குறைவில்லை, ஏழை உழவன் வீட்டில் கிடைக்காதவை மட்டும் விலக்கப்பட்டன. ஒருவர் வேறு நோயால் விலக, எஞ்சிய 11 பேரில் 6 பேர்க்கு அக்டோபர் முடிவதற்குள் பெல்லாக்ரா கண்டது. அப்பண்ணையில் வழக்கமான உணவை உண்ட பிற கைதிகளுக்கு நோய் இல்லை. விடுதலைக்காக ஏங்குவோரை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்துவது இக்கால மருத்துவ அறத்திற்கு ஒவ்வாதது என்பதையும் நாம் கூறியாக வேண்டும்.

அப்போதும் பலர் ஒப்பவில்லை. ஆகவே 1916ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோல்ட்பெர்கர் தம் உடலையே சோதனைக் களமாக்கினார். பெல்லாக்ரா நோயாளியின் இரத்தத்தை அவரும் உதவியாளர் வீலரும் ஊசி வழியே ஏற்றிக்கொண்டனர். நோயாளிகளின் தோற்செதிள்களையும் கழிவுகளையும் மாவுடன் உருட்டி விழுங்கினர். தொடர்ந்து நடந்த இத்தகைய சோதனைகளில் 16 பேர் பங்குகொண்டனர். அவர்களுள் மேரி அம்மையாரும் ஒருவர். அவருக்கு நோயாளியின் இரத்தம் செலுத்தப்பட்டது. ஒருவருக்கும் பெல்லாக்ரா வரவில்லை. இரத்தத்தில் தீட்டு என்ற சொல்லுக்கு இதனினும் துணிவான மறுப்பு வரலாற்றில் அரிது.

நம் உள்ளத்தில் பதியத்தக்க ஒரு பொருத்தம் இங்கே உண்டு. அதே 1916ஆம் ஆண்டு மே திங்களில், அதே அமெரிக்க நாட்டின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், இளைஞரான பாபாசாகேப் அம்பேத்கர் இந்தியாவில் சாதியின் தோற்றத்தை ஆராயும் தம் கட்டுரையைப் படித்தார். பிறப்பின் பெயரால் நிலைத்த ஒன்றின் காரணத்தை இருவரும் அறிவு வழியில் ஆராய்ந்து கொண்டிருந்த காலம் அது.

கூலியும் நிலமும்

உணவில் குறை எனக் கண்டாயிற்று. அக்குறை சிலர்க்கு மட்டும் நேர்வது ஏன்? இவ்வினாவே கோல்ட்பெர்கரை ஏனைய மருத்துவரினும் உயர்த்தியது. 1916 முதல் அவர் பொருளியல் அறிஞர் எட்கர் சைடன்ஸ்டிரிக்கருடன் சேர்ந்து தென் கரோலினாவில் ஏழு பஞ்சாலைச் சிற்றூர்களை ஆராய்ந்தார். வீடுவீடாகச் சென்று வருமானத்தையும், பதினைந்து நாளில் வாங்கிய உணவையும், நோயுற்றவர் எண்ணிக்கையையும் குறித்தனர். வருமானம் மிகக் குறைந்த வீடுகளில் நோய் மிகுந்தும், வருமானம் ஏற ஏறக் குறைந்தும், நல்ல வருமானமுள்ள வீடுகளில் ஏறத்தாழ இல்லாமலும் இருந்தது. கழிப்பிட வசதிக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை.

மேலும் ஒன்று அறிந்தனர். கூலி ஒத்த ஊர்களிலும் நோயின் அளவு ஒத்திருக்கவில்லை. அருகிலுள்ள உழவர் பாலும் இறைச்சியும் கொண்டுவந்து விற்ற ஊர் தப்பியது. சுற்றிலும் பருத்தியே விளைந்து, ஆலைக் கடையைத் தவிர வேறு போக்கில்லாத ஊர் துன்புற்றது. ஒரே வீட்டிலும் ஆடவரினும் பெண்களையே நோய் மிகுதியாகப் பற்றியது. உழைக்கும் ஆடவர்க்கும் பிள்ளைகட்கும் இறைச்சியையும் பாலையும் ஊட்டிவிட்டு எஞ்சியதைத் தாய் உண்பதே காரணம். நம் இல்லங்களின் அடுக்களையிலும் இவ்வழக்கம் உண்டென்பதை நாம் அறியோமா?

1921இல் பருத்தி விலை சரிந்தபோது, தென்னாட்டில் பெல்லாக்ரா பெருகும் என அவர் எச்சரித்தார். குடியரசுத் தலைவர் ஹார்டிங் உதவிக்கு ஆணையிட முற்பட்டதும், தென்னாட்டு அரசியலார் பலர் தம் மாநிலங்களில் பட்டினி என்பது அவதூறு என வெகுண்டனர். வறுமையைக் கூறுவதே குற்றமாயிற்று. கோல்ட்பெர்கர் தம் கூற்றை மாற்றவில்லை.

குறைந்த சத்து எது?

இனி வேதியியலுக்கு வருவோம். நாம் உண்ணும் உணவில் மாவுப்பொருளும் கொழுப்பும் ஆற்றல் தருவன. புரதம் உடலைக் கட்டுவது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மூலக்கூறுகள் மணிகளாகக் கோக்கப்பட்ட மாலை. இருபது வகை மணிகளால் நம் உடற்புரதங்கள் ஆகின்றன. இவற்றுள் ஒன்பதை உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவே தரவேண்டும். அவ்வொன்பதில் டிரிப்டோபன் ஒன்று. எல்லாப் புரதமும் ஒரே தரத்தன அல்ல என்பதை இதனால் அறியலாம். மக்காச்சோளத்தின் தலைமைப் புரதமான சீனில் டிரிப்டோபனும் லைசினும் இல்லையெனும் அளவுக்குக் குறைவு. பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் அவை நிறைவாக உள்ளன.

உயிர்ச்சத்துகள் எனப்படும் வைட்டமின்கள் வேறு வகையின. அவை ஆற்றல் தருவதில்லை; உடலைக் கட்டுவதுமில்லை. மிகச் சிறு அளவில் இருந்து, உயிரணுக்களில் நிகழும் வேதிவினைகளுக்குத் துணை செய்கின்றன. அவை இல்லையேல் வயிறு நிறைந்தும் உடல் நலியும்.

குறைவது அமினோ அமிலமாகலாம் எனக் கோல்ட்பெர்கர் முதலில் கருதினார். 1922இல் அவரும் டேனர் என்னும் மருத்துவரும், ஒரு நோயாளிக்கு டிரிப்டோபனும் சிஸ்டினும் அளித்து நலம் கண்டதைப் பதிவு செய்தனர். பின்னர் நாய்களிடம் காணப்படும் கருநாக்கு நோய் பெல்லாக்ராவை ஒத்தது எனக் கண்டு, அவற்றின் உணவை மாற்றி மாற்றி ஆராய்ந்தார். பீர் காய்ச்சுவோரின் ஈஸ்ட் மிகச் சிறு அளவிலேயே நாயையும் மனிதனையும் குணப்படுத்தியது. அவ்வளவு சிறிய ஈஸ்டில் உள்ள புரதம் இதற்குப் போதாது. ஆகவே வைட்டமின் போன்ற வேறொன்று அதில் இருத்தல் வேண்டும் எனத் தெளிந்தார். ஈஸ்டை அழுத்தத்தில் சூடேற்றியபோது பெரிபெரி நோயைத் தடுக்கும் சத்து அழிந்தது. பெல்லாக்ராவைத் தடுக்கும் சத்து அழியவில்லை. ஆகவே இவை இருவேறு சத்துகள் என்பதும் விளங்கியது.

1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரம் ஏழைகளின் கறவையும் தோட்டமும் அழிந்தன. அப்போது கோல்ட்பெர்கரின் அறிவுரைப்படி செஞ்சிலுவைச் சங்கம் ஈஸ்டை வழங்கியது. மலிவான அம்மருந்தால் எண்ணற்றோர் பிழைத்தனர். இதுவே அவர் தம் வாழ்வில் கண்ட பெரும்பயன். சிறுநீரகப் புற்றுநோயால் 1929ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 17ஆம் நாள், 54ஆம் வயதில், அவர் வாஷிங்டனில் மறைந்தார். அவருடைய விருப்பப்படி அவரது சாம்பல் பொட்டோமாக் ஆற்றில் தூவப்பட்டது. தாம் தேடிய பொருளின் பெயரை அறியாமலேயே அவர் மறைந்தார்.

பெயர் தெரிந்தது

1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராட் எல்வேயெம், கல்லீரலிலிருந்து நிக்கோடினிக் அமிலத்தைப் பிரித்தெடுத்துக் கருநாக்கு நோயுற்ற நாயைக் குணப்படுத்தினார். அதுவே மனிதரையும் காத்தது. வியப்பு யாதெனில், அவ்வமிலம் புதிய பொருள் அன்று. 1867 முதலே வேதியியலாளர் அறிந்த பொருள் அது. தவிட்டிலிருந்து அதனைப் பிரித்த காசிமிர் பங்க் என்பவர், பெரிபெரியை அது நீக்காமையால் ஒதுக்கிவிட்டார். ஆய்வகத்தின் புட்டியில் அது இருந்த ஆண்டுகளில்தான் ஏழைகள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். புகையிலையின் நிக்கோட்டினோடு மக்கள் குழப்பிக்கொள்ளாதிருக்கப் பின்னர் அதற்கு நியாசின் எனப் பெயரிட்டனர்.

நியாசின் மிக எளிய மூலக்கூறு. ஆறு கரியணுக்கள், ஐந்து ஹைட்ரஜன் அணுக்கள், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள், ஒரு நைட்ரஜன் அணு, அவ்வளவே. உணவு உயிரணுவில் மெல்ல எரிந்து ஆற்றலாகும்போது, அதிலிருந்து கழலும் ஹைட்ரஜனை ஏந்திச் செல்லும் என்.ஏ.டி. என்னும் துணைப்பொருளில் நியாசின் உறுப்பாக உள்ளது. அது குறைந்தால் அடுப்பில் விறகு இருந்தும் தீ எரியாத நிலை. இடைவிடாது புதுப்பிக்கப்படும் தோலும் குடலும், பேராற்றல் வேண்டும் மூளையும் முதலில் வாடுவது இதனாலேயே.

ஒரு புதிர் எஞ்சியது. எடை பார்த்தால் மக்காச்சோளத்தில் நியாசின் பாலினும் மிகுதி. ஆயினும் சோளம் உண்டோர் நோயுற்றனர். பால் குடித்தோர் தப்பினர். இதற்கு விடை இரண்டு. பாலிலுள்ள டிரிப்டோபனை உடல் நியாசினாக மாற்றிக்கொள்கிறது என்பது 1945இல் வெளியான ஆய்வால் விளங்கிற்று. ஏறத்தாழ 60 மில்லிகிராம் டிரிப்டோபன் 1 மில்லிகிராம் நியாசினாகும். கோல்ட்பெர்கரின் பழைய எண்ணமும் பிழையன்று என்பதை இது காட்டியது. மற்றொன்று, மக்காச்சோளத்தின் நியாசின் வேறு பொருள்களுடன் பிணைந்திருப்பதால் குடல் அதனைப் பெரும்பாலும் ஈர்த்துக்கொள்வதில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்தால் அப்பிணைப்பு அவிழும்.

இவ்வேதியியலைப் பெயரிட்டு அறியாமலே கையாண்ட மக்கள் இருந்தனர். மக்காச்சோளத்தை முதன்முதல் பயிரிட்ட மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர், அதனைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்தே அரைத்தனர். அவர்களிடம் பெல்லாக்ரா அரிதாகவே இருந்தது. அவர்களை வென்ற ஐரோப்பியர் தானியத்தை எடுத்துச் சென்றனர். சமைக்கும் முறையைக் கற்றுச் செல்லவில்லை. வென்றவன் தோற்றவனிடம் கற்க நாணியதற்கு, இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஏழைகள் விலை கொடுத்தனர்.

நமக்குரிய பாடம்

1940களில் அமெரிக்க மாநிலங்கள் பலவும் மாவில் நியாசினைக் கலக்கச் சட்டம் செய்தன. போர்க்காலத்தில் கூலியும் உயர்ந்தது. பெல்லாக்ரா அங்கே மறைந்தது. நம் நாட்டிலோ, தக்காணத்தில் சோளத்தையே உணவாகக் கொண்ட உழவுத் தொழிலாளரிடம் இந்நோய் காணப்பட்டது. சேலத்தில் பிறந்த சத்துணவியல் அறிஞர் சி. கோபாலன் ஐதராபாத்தில் அதனை ஆராய்ந்து, சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலம் இடையூறு செய்கிறது என்னும் கருத்தை 1960இல் சிரீகாந்தியாவுடன் வெளியிட்டார். அக்கருத்தில் பின்வந்த ஆய்வாளரிடையே வேற்றுமை உண்டு. எனினும் நோயுற்றோர் இங்கும் நிலமற்ற கூலிகளே என்பதில் ஐயமில்லை.

இளைஞர்களே! வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டிய நியாசின் சுமார் 16 மில்லிகிராம், பெண்ணுக்கு 14. நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 12 மில்லிகிராம் உண்டு. ஈரலும் இறைச்சியும் மீனும் கருவாடும் இதனை நன்கு தருவன. தீட்டிய தவிடும் பயறு வகைகளும் உதவுவன. நம் முன்னோர் உண்ட இறைச்சியையும் ஈரலையும் காட்டி அவர்களை இழித்துரைத்தோர் உண்டு. அறிவியலின் தராசில் அவ்வுணவு உயர்ந்தது என்பதை அறிந்து நாம் தலைநிமிரலாம். இழிவு உணவில் இல்லை. அதனையும் போதிய அளவு கிடைக்கவொட்டாமற் செய்த கூலியில் இருந்தது.

நம் இல்லங்களில் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. தாயும் பெண்மக்களும் கடைசியில் எஞ்சியதை உண்ணும் வழக்கத்தை விட்டு, பருப்பும் முட்டையும் அவர்கள் தட்டிலும் முதலிலேயே இடம்பெறச் செய்வோம். நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியின் பகலுணவில் பட்டியலில் உள்ளது தட்டிலும் உள்ளதா என்று, கோல்ட்பெர்கர் நுழைந்தது போல் சமையற்கூடத்திற்குள் நுழைந்து பார்க்கும் துணிவும் நமக்கு வேண்டும்.

மளிகைச் சுமை தூக்கிய ஏழைச் சிறுவன், கட்டணமில்லாக் கல்லூரியின் படியேறியதால் இத்துணை உயிர்கள் காக்கப்பட்டன. நம் சங்கம் இக்கால் நூற்றாண்டில் படிக்கவைத்த பிள்ளைகளுள்ளும், இனிப் படிக்கவைக்கப் போகும் பிள்ளைகளுள்ளும், வேதியியலும் மருத்துவமும் பொருளியலும் கற்றுத் தம் மக்களின் தட்டையும் கூலியையும் ஒருங்கே ஆராய்வோர் எழுதல் வேண்டும். அதற்காகவே கோல்ட்பெர்கரின் வாழ்க்கையை இம்மலரில் அவர்கள் கையில் வைக்கிறோம்.